அம்பு கொன்றதா, மலை கொன்றதா?

வேட்டைப் பிராணிகளைப் பற்றிய மஸ்அலாக்கள் பத்திரிகையில் வரும்போது நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நமக்கு எங்கே வேட்டை? கடையில் அறுத்து வைத்திருக்கிறார்கள், ஹலாலான கறி, வாங்கி வந்து சமைக்கிறோம். நானும் அப்படிப் புரட்டியவன்தான். ஆனால் சில மாதங்களுக்கு முன் உத்திரமேரூரில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நடந்த பேச்சு, அந்தப் பக்கங்களை மறுபடியும் தேடி எடுத்துப் படிக்க வைத்தது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். எனக்கு மருமகன் முறை ஆகவேண்டும். மார்க்கப் பற்றுள்ள பிள்ளை. அவர் ஹஜ்ரத் அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். சந்தேகத்துக்கு முன் கதை வந்தது.

போன செப்டம்பரில் இவரும் ஒரு வெள்ளைக்கார நண்பரும் பத்து நாள் மலை வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். கூடாரம், படுக்கை, அடுப்பு, பத்து நாள் உணவு அத்தனையும் முதுகுப் பையில். ஆளுக்கு ஐம்பது ராத்தல் சுமை. ஏறிய உயரம் பன்னிரண்டாயிரம் அடி. நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான் என்பதைக் கொண்டு கணித்துக்கொள்ளலாம். கையில் துப்பாக்கி இல்லை. மரத்தால் செய்த பழைய மாதிரி வில். இப்போது அந்நாட்டில் பலரும் வைத்திருப்பது சக்கரங்கள் பூட்டிய வில்லாம். 1966-ல் ஆலன் என்பவர் அதற்கு வழி கண்டார். முழுக்க இழுத்தபின் கைக்குப் பாரம் தெரியாது. குறி பார்க்க ஊசியும் உண்டு. இவர்களுடைய வில்லில் அந்த வசதி ஒன்றும் கிடையாது. நாண் இழுத்த பாரம் முழுவதும் விரலில்தான் நிற்கும். இருபது எட்டுக்கு மேல் தூரம் இருந்தால் எய்வதில்லை என்பது அவர்கள் தமக்குத்தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

வேட்டைக்குப் போனது மலையாடு என்ற பிராணிக்கு. வெள்ளை ரோமமும் கறுத்த சிறு கொம்பும் உடையது. நம் நீலகிரி வரையாட்டைப்போல் செங்குத்தான பாறையிலேயே வாழ்வது. அங்கே இதற்கு அரசாங்கம் குலுக்கல் போட்டு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. பலர் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். (குலுக்கல் என்றதும் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர், "அப்ப அங்கேயும் நம்ம ஊர் குடவோலைதான்னு சொல்லு" என்றார். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் ஊரில் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது.) வில்லின் இழுவிசை குறைந்தது முப்பத்தைந்து ராத்தல் இருக்க வேண்டும், கொன்றால் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவிட்டு வரக்கூடாது என்பதெல்லாம் அந்த மாநிலத்துச் சட்டம்.

ஆறாம் நாள் மாலையில் ஒரு கிடாய் இருபது எட்டுக்குள் வந்து நின்றது. இவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அம்பை விட்டார். விலாவில் பாய்ந்தது. ஆடு நாலு எட்டு நடந்தது; பாறை விளிம்பில் கால் மடங்கியது; கீழே போய்விட்டது.

"எறங்கிப் போறதுக்கே முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு ஹஜ்ரத். போய்ப் பாத்தா மவுத்தாயிக் கெடக்குது. கழுத்து மடங்கியிருக்குது. அம்புல செத்துச்சா, விழுந்து செத்துச்சான்னு எனக்குத் தெரியலே. நான் அந்தக் கறியைத் தொடலே. கூட வந்தவரு எடுத்துக்கிட்டாரு. அது ஹலாலா, இல்லையா?"

"விழும்போதே உயிர் போயிருந்ததா?"

"இல்லே ஹஜ்ரத். நடந்துச்சே."

"அப்ப நீங்க சாப்பிடாம விட்டது சரி வாப்பா" என்றார்கள் ஹஜ்ரத்.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை என்ன என்பதைச் சிறிது பார்ப்போம். தை கோத்திரத்தாரான அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள், கொடைக்குப் பெயர்பெற்ற ஹாதிம் தாயீயின் மகனார். அஜஃ, ஸல்மா என்ற இரு மலைகளைச் சேர்ந்த மக்கள் அந்தக் கோத்திரத்தார். வேட்டை பற்றிய ஹதீஸ்களில் முக்கியமானவை பல இவர்கள் கேட்ட கேள்விகளால் நமக்குக் கிடைத்தவை. எறிகோலைப் பற்றிக் கேட்டார்கள்: கூர்முனை பட்டுச் செத்தால் உண்ணலாம், தண்டின் பக்கவாட்டு அடியில் செத்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணாதீர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அம்பு தைத்த பிராணி கண்ணுக்கு மறைந்து, ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதன் உடலில் உம் அம்பின் அடையாளம் தவிர வேறு எதுவும் இல்லையானால் உண்ணலாம். தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ண வேண்டாம், கொன்றது தண்ணீரா அம்பா என்பது உமக்குத் தெரியாது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது.

உயரத்திலிருந்து விழுந்து செத்தது ஹராம் என்பது மாயிதா சூராவின் மூன்றாம் வசனத்திலேயே இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், அம்பு பட்டு மலையில் விழுந்து பிறகு அங்கிருந்து சரிந்து விழுந்த பிராணி ஹராம் என்றும், ஆகாயத்தில் அம்பு பட்டுத் தரையில் விழுந்து செத்த பறவை ஹலால் என்றும் எழுதுகிறார்கள். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவிலும் இதுவே. பறவை தரையில் விழாமல் வேறெங்கே விழும்? அதைத் தவிர்க்க வழியில்லை. மலைச் சரிவு அப்படியல்ல. ஹலாலாக்கும் காரணமும் ஹராமாக்கும் காரணமும் ஒரே உயிரின் மேல் சேர்ந்துவிட்டால் ஹராமுக்கே இடம். அம்பே காரியத்தை முடித்துவிட்டது, விழுந்தது வெறும் உடல்தான் என்று உறுதிப்பட்டால் மட்டும் விஷயம் வேறு. இந்தப் பிள்ளையிடம் அந்த உறுதி இல்லை. (தான் உண்ணாத அந்தக் கறியை அடுத்தவருக்குக் கொடுத்தது பற்றித் தனிக் கேள்வி உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.)

இதோடு மஸ்அலா முடிந்தது. ஆனால் மருமகன் எழுந்திருக்கவில்லை.

"சரி ஹஜ்ரத், சாப்பிடாம இருந்தேன். அப்ப அந்த உயிருக்கு என்ன கணக்கு?"

ஹஜ்ரத் அவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. நான் இக்கட்டுரை எழுதுவது அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

முதலில் அவருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேட்டையைக் கேவலமாகப் பேசுவதற்கு நமக்கு உரிமையில்லை. ஹம்ஸா (ரலி) அவர்கள் தோளில் வில்லோடு வேட்டையிலிருந்து திரும்பி வந்தபோதுதான், அபூஜஹ்ல் நாயகம் (ஸல்) அவர்களை ஏசிய செய்தி அவர்களுக்கு எட்டியது. அந்த வில்லாலேயே அவனை அடித்துவிட்டுத் தம் இஸ்லாத்தை வெளிப்படுத்தினார்கள். ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராம் இல்லாதிருந்த அபூகதாதா (ரலி) காட்டுக் கழுதையை வேட்டையாடிக் கொண்டுவந்ததும், இஹ்ராமிலிருந்த தோழர்கள் அதை உண்டுவிட்டுப் பிறகு தயங்கியதும், உங்களில் யாரும் சுட்டிக் காட்டினீர்களா, ஏவினீர்களா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்து, இல்லை என்றதும் மீதியையும் உண்ணச் சொன்னதும் பிரபலமானவை. பட்டினி கிடப்பவன்தான் வேட்டையாடலாம் என்று எந்த இமாமும் நிபந்தனை போடவில்லை. உண்ணும் எண்ணத்தோடு வேட்டையாடுவது கூடும். "செயல்கள் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை, பையன் திங்கத்தானே அடிச்சான்? தவறிப் போச்சு. இதுக்கு மேல என்ன?" என்று திண்ணையில் ஒருவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அதோடு, வில்லுக்கு ஒரு பெருமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாயிதா சூராவில் இன்னொரு வசனம் இருக்கிறது. இஹ்ராமிலிருந்த முஃமின்களை அல்லாஹ் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதிப்பான், அவை கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வரும், மறைவில் தன்னை அஞ்சுகிறவர் யார் என்று வெளிப்பட என்ற கருத்துள்ள வசனம். சோதனை எங்கே வைக்கப்பட்டது என்று பாருங்கள். எட்டாத தூரத்தில் அல்ல. கை நீட்டினால் கிடைக்கும் இடத்தில். துப்பாக்கிக்காரனுக்குப் பிராணி முன்னூறு கஜத்துக்கு அப்பால் ஒரு புள்ளி. வில்லாளிக்கு அதன் மூச்சு கேட்கிறது. மருமகன் சொன்னார்: அந்த ஆறு நாளில் மூன்று தடவை எய்யும் தூரத்தில் கிடைத்தும் விட்டுவிட்டாராம். ஒரு தடவை குட்டி பக்கத்தில் நின்றது. இரண்டு தடவை பிராணி நின்ற கோணம் சரியில்லை. "துப்பாக்கி இருந்திருந்தா முதல் நாளே கொன்னுட்டுத் திரும்பியிருப்பேன் மாமு" என்றார். அதை நான் நம்புகிறேன்.

ஆனால் இதே வில்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அம்பு பிராணியை அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இரத்தம் போய்த்தான் அது சாகிறது. ஆகவே பட்ட இடத்திலேயே விழாது, நடக்கும், ஓடும். எய்தவுடன் பின்னால் ஓடினால் அது இன்னும் ஓடும் என்று அரைமணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்து இரத்தத் தடம் பார்த்துப் போவது வில்வேட்டைக்காரர்களின் வழக்கம். சமவெளியில் இது பொறுமைக்குரிய காரியம். பாறை விளிம்பிலோ, அந்த நாலு எட்டுதான் மரணத்தின் காரணத்தையே மாற்றிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை, அதாவது அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான். அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படும் பிராணிக்குச் சிரமத்தைக் குறையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் குர்பானி மாதத்தில் கேட்கிறோம். கத்தியைத் தீட்டுவது யாருக்காக? ஆட்டுக்காக. நம் மருமகனும் அவர் நண்பரும் இலகுவான ஆயுதத்தை விட்டுக் கடினமான ஆயுதத்தை எடுத்தது யாருக்காக? பிராணிக்குத் தப்பிக்க வழி விடுவதற்காக என்று அவர்கள் சொல்கிறார்கள். தப்பித்ததற்கு அது நன்மைதான். தப்பிக்காமல் பாதி அடிபட்டதற்கு? தன் மனத்திருப்திக்காகக் காரியத்தைக் கடினமாக்கிக்கொள்பவன், அந்தக் கடினத்தில் ஒரு பங்கைப் பிராணியின் தலையிலும் கட்டிவிடுகிறான் அல்லவா? இதற்கு மருமகன் சொன்ன பதிலையும் எழுதிவிட வேண்டும்: ஓராண்டு முழுதும் நாள் தவறாமல் பயிற்சி செய்ததே, அம்பு முனையைச் சவரக் கத்தியைப்போல் தீட்டி வைத்ததே அந்த இஹ்ஸானுக்காகத்தான் என்றார். அதை என்னால் முழுக்க மறுக்க முடியவில்லை.

அந்நாட்டில் இந்த மரவில் வேட்டை எப்படிப் பரவியது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு படித்தும் பார்த்தேன். 1911-ல் கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே, காட்டிலிருந்து தனியாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். யாஹி என்ற கூட்டத்தின் கடைசி ஆள். அவருடைய மக்கள் அதற்கு முந்திய தலைமுறைகளில் குடியேறிகளின் துப்பாக்கிக்கு இரையானவர்கள். தம் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவர் பாஷையில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக மருத்துவமனையில் ஸாக்ஸ்டன் போப் என்ற அறுவை வைத்தியர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916-ல் காசநோயால் இஷி இறந்தார். 1923-ல் போப் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் அந்நாட்டுப் பிரியர்களிடையே பரவியது. அவர் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங் பெயரையும் சேர்த்து 1961-ல் ஒரு சங்கமே அமைந்தது.

குருவுக்கு வில் சோறு. சிஷ்யர்களுக்கு அது பொழுது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பசியோடு போகிறவனுக்குத் தானாகவே ஒரு நிதானம் இருக்கும்: கைக்குக் கிடைக்காத இடத்தில் விழப்போகும் பிராணியின் மேல் அம்பை வீணாக்க மாட்டான். எங்கள் வட்டாரத்தில் இருளர்கள் அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உண்பது நமக்கு ஆகாது. அது வேறு விஷயம். வளையைச் சுற்றி வந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கடப்பாரை இறங்கும். வீண் வெட்டு ஒன்று இருக்காது. வயிறு நிறைந்தவனுக்கு அந்த நிதானத்தைப் பசி கற்றுக்கொடுக்காது; அவன் அதை இறையச்சத்தால் தேடிக்கொள்ள வேண்டும். வேட்டையின் பின்னே போகிறவன் கஃப்லத்தில், அதாவது மறதியில் விழுகிறான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. தொழுகையை மறப்பதைத்தான் அது குறிக்கிறது என்று நினைத்திருந்தேன். மருமகன் பத்து நாளும் தொழுகையை விடவில்லை. மறதிக்கு வேறு வகைகளும் இருக்கின்றன போலும்.

"இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே இல்லை, கொலராடோ மலையாட்டைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டம் இருக்கிறது, ராத்திரியில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிஸ்மி சொல்லிச் சுட்டால் ஹலால்தானே என்று கேட்கிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. கறி ஹலாலா என்ற கேள்வியும், காரியம் சரியா என்ற கேள்வியும் வேறு வேறு என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. நம் பிள்ளைகள் உண்டிவில்லால் மைனாவை அடிக்கிறார்கள். கல் சுண்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததற்குச் சொன்ன காரணம், அது வேட்டையையும் கொல்லாது, பகைவனையும் வீழ்த்தாது, கண்ணைக் கெடுக்கும், பல்லை உடைக்கும் என்பதுதான். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவதை அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி வாலிபர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்.

எங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய வேடந்தாங்கலில் இன்று இலட்சக்கணக்கானோர் பறவை பார்க்கப் போகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கௌல் வாங்கியதாக வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிப்பாய்க்கு அதே பறவை குறி பார்க்க ஒரு பொருள்.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அன்று மாலை நானும் மருமகனும் ஏரிக்கரைப் பக்கமாக நடந்து வந்தோம். வழியில்தான் அவர், ஹஜ்ரத்திடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஆடு விளிம்புக்குக் கிட்டத்தான் மாமு நின்னுச்சு. கூட இருந்தவரு என் தோள்ல கை வெச்சு, இப்ப வேணாம், உள்பக்கம் வரட்டும்னாரு. நானும் ஒரு மணி நேரம் போல காத்திருந்தேன். வெளிச்சம் போய்க்கிட்டு இருந்துச்சு. ஏழு வருஷமா சீட்டுக்குக் காத்திருந்தது, நாளைக்கு இது இங்கே இருக்காதுங்கற நெனப்பு... விட்டுட்டேன்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மலையில் விழுந்தது ஹராம் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரியும். ஓதிய பிள்ளை. அதனால்தான் கறியைத் தொடவில்லை. ஆனால் அந்த மஸ்அலா அவருக்கு ஞாபகம் வந்தது பள்ளத்தில் பிணத்தின் பக்கத்தில் நின்றபோது. நாணை இழுத்துக்கொண்டு நின்றபோது அல்ல. கொன்றது அம்பா மலையா என்ற சந்தேகம் பின்னால் வந்து சேர்ந்த விபத்தல்ல, அது எய்வதற்கு முன்பே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ஃபிக்ஹு நூல்கள் பிராணி செத்த பிறகு உண்பதா வேண்டாமா என்று சொல்கின்றன. எய்யலாமா என்று எய்வதற்கு முன் கேட்கும் கேள்விக்கும் அதே வரிகளில்தான் பதில் இருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. உண்ண முடியாமல் போகும் என்று தெரிந்த இடத்தில் நின்ற உயிரை எய்தபோது, உண்பதற்காக எய்தேன் என்ற நிய்யத் எவ்வளவு தூரம் தாங்கும்? வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அந்த மலையாட்டின் முறையீடு எப்படி இருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். இந்தப் பிள்ளை மறைக்காமல் சொன்னார், வருந்தினார் என்பதையும் அவனே அறிவான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது கொம்புகளை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அட்டைப் பொட்டியிலே போட்டு ஷெட்டுலே வெச்சிருக்கேன் மாமு. செத்ததோட கொம்பு நஜீஸ்னு ஷாஃபி மத்ஹபுலே, இல்லேன்னு ஹனஃபியிலே. நம்ம வீட்டுக்கு ஹனஃபிதான், வெச்சுக்கலாம். ஆனா செவுத்துலே மாட்ட மனசு வரலே."

"மறுபடி சீட்டுக்குப் போடுவியா?"

"மலையாட்டுக்குப் போடலே. எல்க் மானுக்குப் போட்டிருக்கேன். அது காட்டுக்குள்ளே மேயறது. கூட வர்ற அதே ஆள்கிட்டே சொல்லிட்டேன், இந்தத் தடவை நீ வேணாம்னா நான் வில்லைக் கீழே வெச்சுடறேன்னு."

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இருவரும் திரும்பப் பள்ளிக்கே நடந்தோம்.